கரடிக் காட்டில் கைத்துப்பாக்கி

அலாஸ்காவின் உட்காடுகளுக்கு மீன் பிடிக்கவும் மலையேறவும் செல்வோரில் சிலர், இடுப்பில் கனமான ரிவால்வர் ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுவதுண்டு. வேட்டைக்காக அன்று, பழுப்புக் கரடி பாய்ந்து வந்தால் உயிரைக் காத்துக்கொள்ள. 'பெரிய விலங்குக்குப் பெரிய துப்பாக்கி' என்றே எவருக்கும் எண்ணத் தோன்றும். இது சரிதானா? பள்ளியில் நாம் படித்த உந்தத்தைக் கொண்டே விடை காண்போம்.

குண்டு கரடியைத் தள்ளுமா?

1955-இல் அறிமுகமான '.44 மேக்னம்' என்னும் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். இதன் ஈயக் குண்டு ஏறத்தாழ 11 மி.மீ. விட்டமும் 15.5 கிராம் நிறையும் உடையது. வினாடிக்குச் சுமார் 420 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். இங்கு அது 6.5 கி.கி.மீ./வி.

300 கிலோ எடையுள்ள கரடியின் உடலில் இந்தக் குண்டு தைத்து நின்றுவிடுவதாகக் கொள்வோம். 6.5-ஐ 300-ஆல் வகுத்தால், கரடியின் வேகத்தில் ஏற்படும் மாறுதல் வினாடிக்கு 2 செ.மீ. மட்டுமே! கரடியோ வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் ஓடி வரக்கூடியது. 2003-இல் வந்த '.500' வகைத் தோட்டா இதைப்போல் இருமடங்கு உந்தம் தரும். அப்போதும் மாறுதல் 4 செ.மீ.தான். திரைப்படங்களில் காண்பதுபோல் குண்டு எதையும் தூக்கி எறிவதில்லை. மூளையையோ முதுகுத்தண்டையோ எட்டினால்தான் பாய்ந்து வரும் கரடி உடனே நிற்கும்.

கைக்கு வரும் உதை

நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதல்லவா? குண்டு பெற்ற அதே உந்தம் எதிர்த்திசையில் துப்பாக்கிக்கும் கிடைக்கிறது. ரிவால்வரின் எடை 1.4 கிலோ என்றால், அது வினாடிக்கு 4.6 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி உதைக்கும். இயக்க ஆற்றல் 15 ஜூல். சுமப்பதற்கு எளிது என்று 0.7 கிலோ ரிவால்வரை வாங்கினால் வேகம் 9.3 மீட்டர், ஆற்றல் 30 ஜூல். எடை பாதியானால் உதையின் ஆற்றல் இருமடங்காகிறது. வெடிமருந்திலிருந்து பீறிடும் வாயுவின் உந்தத்தையும் சேர்த்தால் உதை இன்னும் கூடும்.

இதனால் என்ன? 30 மீட்டர் தொலைவில் புறப்படும் கரடி இரண்டே வினாடிகளில் நம் மேல் இருக்கும். முதல் குண்டு தவறினால், மேலெழும்பிய குழலைத் தாழ்த்தி மீண்டும் குறி பார்க்க நேரம் எங்கே? மேலும், உதைக்கு அஞ்சும் கை சுடுவதற்கு முன்பே நடுங்கிக் குறி தவறும். ஆகவே தம் கை தாங்கக்கூடிய துப்பாக்கியே ஒருவருக்கு ஏற்றது.

எந்தத் தோட்டா?

முனையில் குழியுள்ள குண்டு, உடலில் பட்டதும் பூப்போல் விரிகிறது. விட்டம் ஒன்றரை மடங்கானால் முகப்பின் பரப்பு 2.25 மடங்காகும், தடையும் அதற்கேற்ப மிகுவதால் குண்டு ஆழம் செல்லாது. தடித்த தசையும் எலும்பும் உள்ள கரடிக்கு இது போதாது. ஈயத்துடன் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த, தட்டை முகமுள்ள கடினக் குண்டு எளிதில் உருக்குலையாது, ஆழமாகச் செல்லும். எனவே அனுபவசாலிகள் அதையே விரும்புகின்றனர்.

இலேசான ரிவால்வரில் இன்னுமோர் இடர் உண்டு. பேருந்து சட்டெனக் கிளம்பினால் நிற்பவர் பின்னால் சாய்கிறார். அதுபோல, துப்பாக்கி பின்னால் பாயும்போது, உருளையில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் நிலைமத்தால் முன்னே நழுவப் பார்க்கின்றன. உறையின் வாய் இறுகப் பிடிக்காவிட்டால் குண்டு வெளியே நீண்டு, உருளையைச் சுழலவிடாமல் தடுத்துவிடும். ஆபத்து நேரத்தில் துப்பாக்கி வெறும் இரும்புத்துண்டுதான்! எனவே, எடுத்துச் செல்லும் அதே தோட்டாக்களை முன்பே சுட்டுச் சோதிப்பது அவசியம்.

மிளகாயின் வலிமை

2012-இல் வெளியான ஆய்வொன்று, அலாஸ்காவில் துப்பாக்கி ஏந்தியோர் கரடியைச் சந்தித்த 269 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் நேர்ந்த காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த தெளிப்பான், பழுப்புக் கரடிகளின் தொல்லையை நூற்றுக்கு 92 தடவை நிறுத்தியது. தெளிப்பான் முகில்போல் பரவிக் கண்ணையும் மூக்கையும் எரிப்பதால் துல்லியமான குறி தேவையில்லை, உதையும் இல்லை.

ஆகவே காட்டுக்குச் செல்பவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிப்பானையே. துப்பாக்கியும் வேண்டுமென்பவர், எது மிகப் பெரியது என்று கேட்பதைவிட, இரண்டு வினாடிக்குள் எதைக்கொண்டு இருமுறை குறி தவறாமல் சுட முடியும் என்று தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.