இணையத்தில் ஆங்கிலம்: பேச வாய்ப்பு எங்கே?

இணைய வழியில் ஆங்கிலம் கற்கச் சேர்ந்து பாதியில் விடுகிறவர்கள், "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அவர்களிடம் இல்லை, வகுப்பு நடக்கும் விதத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீசியா கூல் குழுவினரின் ஆய்வு 2003-இல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் விளையாடிப் பேசினார்கள். அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதையே டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஒட்டவில்லை. அப்படியானால் திரைதான் குற்றவாளியா? இல்லை. 2014-இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகள் வீடியோ அழைப்பில் புதுச் சொற்களை நேரில் கற்றதுபோலவே கற்றன. எதிரில் இருந்தவர் குழந்தைக்கு ஈடுகொடுத்து உடனுக்குடன் பேசினார் என்பதே காரணம். பதிவு செய்த வீடியோவில் அது நடக்கவில்லை.

இனி நம் வகுப்புகளைப் பாருங்கள். 40 நிமிடம், 40 பிள்ளைகள். ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அதிலும் பாதி நேரம் மைக் மியூட்டில் கிடக்கும். 'ஃபேன்' என்று சொல்ல மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தபால்தலை அளவு கட்டத்துக்குள் இருக்கும் ஆசிரியரின் முகத்தில் பல் எங்கே, உதடு எங்கே? பிள்ளை 'பேன்' என்கிறது, திருத்த நேரமில்லை. 'ஸ்' ஒலியின் வலு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது; சிக்னல் குறைந்தால் முதலில் மழுங்குவதும் அதுதான். சாதாரண ஹெட்போன்கூட இதில் ஓரளவு கைகொடுக்கும்.

பெரியவர்களின் சிக்கல் வேறு. வேலை முடிந்து வந்து, வீட்டார் காதுபடத் தப்பும் தவறுமாகப் பேசக் கூச்சம். உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கப் பொதுவாக 0.2 நொடிதான் ஆகும். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்துக்காக அதை நடுவுக்கு இழுத்து வாக்கியத்தைக் கோப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. இணையத் தாமதமும் சேர, மௌனம் நீள்கிறது. தெரியவில்லை போலும் என்று நினைத்து ஆசிரியரே விடையைச் சொல்லிவிடுகிறார். கற்பவர் அதற்குமேல் வாய் திறப்பதில்லை. வகுப்புகளில் நடக்கும் பெரிய அநியாயம் இதுதான் என்பேன்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், "ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? நான் எத்தனை நிமிடம் பேசுவேன்?" என்று கேளுங்கள். விடை சொல்வதற்கு முன் ஐந்து எண்ணும்வரை ஆசிரியரைப் பொறுக்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளை என்றால் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை; "மிஸ் இப்ப என்ன சொன்னாங்க? எனக்குச் சொல்லிக் குடு" என்று கேட்டால் போதும்.