கம்ப நடனமும் நாரி நோவும்

நிலைக்கம்பத்தைப் பற்றி உடலை மேலெழுப்பிச் சுழலும் கம்ப நடனம், 2009 ஆம் ஆண்டிற் சர்வதேச சம்மேளனமொன்று அமையப்பெற்று, விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. இதனைப் பயில்வோர் பலரை நாரி நோவு வருத்தும். காரணம் யாதெனின், நெஞ்சறையின் 12 முள்ளென்புகளும் விலாவென்புகளோடு பிணைந்திருத்தலின் பின்வளைவுக்கு எளிதில் இணங்கா. தோளும் இடுப்பும் இறுகியிருப்பின், வளைவின் பாரம் பெரும்பாலும் கீழுள்ள 5 நாரி முள்ளென்புகளையே சாரும். ஒரு பக்கமாகவே சுழன்று பழகுதலும் தீங்கு. பலர் எண்ணுமாறு படுக்கையிற் கிடத்தல் இதற்குப் பரிகாரமன்று; பின்வளைவுகளைச் சிலகாலம் விலக்கி, வயிற்றுத் தசைகளையும் பிட்டத் தசைகளையும் உரப்படுத்தலே தக்கது. பின்வளையுந்தோறும் இளையோர்க்கு நோவு மிகுமாயின், ஐந்தாம் நாரி முள்ளென்பில் நுண்முறிவு உண்டாயிருத்தலுங் கூடும். அந்நிலையிற் பயிற்சியைத் தொடர்தல் பேதைமை. கால் விறைப்போ சிறுநீர்த் தடையோ தோன்றின், அன்றே வைத்தியரை நாடல் வேண்டும்.