பேச்சிழந்தவரின் கட்டிலருகே



பக்கவாதத்தால் பேச்சிழந்தவரைக் காண நாங்கள் செல்லும்போது, "இவருக்கு ஒன்றும் விளங்காதுங்க ஐயா" என்பார்கள் உறவினர். அவர் முன்பாகவே கடனையும் பாகப்பிரிவினையையும் பேசுவார்கள்.

பேசுவதும் புரிந்துகொள்வதும் மூளையில் ஒரே இடத்து வேலையல்ல. 1861-ல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைக் கண்டார். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓர் அசைதான் பதில். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு! ஆனால் கேட்டதில் பெரும்பகுதி அவருக்கு விளங்கியது. இடக்கைச் சைகையால் பதில் சொன்னார். அவர் இறந்தபின் சோதித்தபோது, மூளையின் இடது முன்பகுதி பழுதுபட்டிருந்தது. 1874-ல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே வேறு வகையினரைப் பற்றி எழுதினார். அவர்களுக்குப் பேச்சு தடையின்றி வரும், பொருள் இராது. பிறர் சொல்வதும் சரியாக விளங்காது. இவர்களுக்குப் பழுது இடது காதுப்பக்கத்தில். மூளையின் இன்னும் பல பகுதிகளும் மொழிக்கு உதவுவதை இன்று அறிவோம்.

எல்லாருக்கும் எல்லாம் விளங்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. சிறு வாக்கியமாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறோம். கத்த வேண்டியதில்லை, காது கெடவில்லையே. பேச வராத சிலர், பழகிய ஞானப்பாட்டைத் தொடங்கினால் வார்த்தைகளோடு கூடப் பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் தம் பெயரைச் சொல்ல வருவதில்லை.