முக்காலித் தலையும் கைத்துப்பாக்கிப் பிடியும்

நிழற்படக் கலையில் நாட்டங்கொண்ட நம்மவர் பலர் கமெராவுக்கும் வில்லைக்கும் பணத்தை வாரி இறைப்பர். அவற்றைத் தாங்கி நிற்கும் முக்காலி என்று வந்துவிட்டாலோ, கடையில் அகப்பட்ட மலிவான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவர். முக்காலிக்கும் கமெராவுக்கும் இடையில் அமர்ந்திருக்கும் தலையைப் பற்றி எண்ணுவார் அதனினும் அரியர். ஆயினும் படம் நேராக அமைவதும் கோணலாவதும், தெளிவாவதும் கலங்குவதும் பெரும்பாலும் அந்தச் சிறு உறுப்பைப் பொறுத்தவை.

வெருகற் பகுதியில் இவ்விடயம் வெறும் பொழுதுபோக்கன்று. மகாவலியின் கிளையாகிய வெருகலாறு கடலை நோக்கிச் செல்லும் இவ்விடத்தில், ஆற்றங்கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் இங்கே தங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். முன்னாளில் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்தோம். இன்று பாலம் இருக்கின்றது. அந்தப் பழைய பாதையின் படம் ஒன்று உண்டா என்று ஊரில் விசாரித்தால், பலரும் உதட்டைப் பிதுக்குவர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளின் படப் பெட்டிகளைக் கொண்டு போய்விட்டன. திருமணப் படமும் இல்லை, தாத்தாவின் முகமும் இல்லை என்னும் குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆகவே, கோயிலையும் அதன் திருவிழாவையும், மதில் திருப்பணி செய்தோரைக் கூறும் பழைய கல்வெட்டையும் முறையாகப் படமெடுத்து வைப்போம் என்று எம் மாணவர் சிலரோடு சேர்ந்து முடிவு செய்தோம். நல்ல முக்காலி ஒன்று கையில் இருந்தது. தலை வாங்கத்தான் வேண்டும். இருந்த பணமோ ஒரே ஒரு தலைக்குப் போதுமானது. இளைஞர்கள் ஒரே குரலில் கைத்துப்பாக்கிப் பிடியுள்ள தலையே வேண்டும் என்றார்கள்.

அதன் கவர்ச்சி விளங்காததன்று. சாதாரண உருண்டைத் தலையில் ஒரு கை திருகாணியைத் தளர்த்த, மறு கை கமெராவைத் தாங்கவேண்டும். மூவழித் தலையிலோ மேல்கீழ், பக்கச்சரிவு, கிடைத்திருப்பம் என மூன்று பிடிகள். ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். கைத்துப்பாக்கிப் பிடியில் அந்தத் தொல்லைகள் இல்லை. உள்ளே உருண்டை ஒன்று, அதை வில்லின் விசையால் இறுக்கி வைத்திருக்கும் தடை ஒன்று. விசையை விரலால் அழுத்தினால் தடை விலகும்; உருண்டை எப்பக்கமும் சுழலும். விரலை விட்டால் அந்தக் கணமே இறுகிவிடும். இத்தாலிய நிறுவனமாகிய மன்பிறொட்டோவின் 222, 322 என்னும் இலக்கங்களை உடைய தலைகள் இவ்வகையில் பெயர்பெற்றவை. முன்னதில் பிடி மேலே உயர்ந்து நிற்கும். பின்னதில் பக்கவாட்டில் கிடக்கும். பிடி உயர்ந்திருந்தால் கமெராவும் முக்காலியின் உச்சியிலிருந்து விலகி உயரும். கடற்காற்று வீசும் வேளையில் அது ஆடும். பக்கப் பிடியே மேல் என்பது எம் கருத்து.

(துப்பாக்கி என்ற பெயரைக் கேட்டு எம் வீட்டு முதியவர் ஒருவர் முகம் சுளித்தார். காவலரண்களைக் கடந்து வாழ்ந்தவர்க்கு அது இயல்பே.)

எடைக் கணக்கை யாரும் அலட்சியம் செய்யலாகாது. 222 தாங்குவதாகக் கூறப்படுவது 2.5 கிலோ, 322 தாங்குவது 5 கிலோ. பறவைப் படத்துக்குப் பலரும் விரும்பும் 150-600 மில்லிமீற்றர் வில்லைகள் தாமே ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். அதனோடு கமெராவும் சேர்ந்தால் முதலாவது தலை திணறும். கூறப்பட்ட எடையில் பாதியைத்தான் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்களிடமுள்ள மிக நீண்ட வில்லையைப் பூட்டி, சுவரில் ஒரு புள்ளியைச் சட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். விசையை விட்டபின் புள்ளி நடுவிலேயே நிற்கின்றதா, மெல்ல மேலேறுகின்றதா என்று பாருங்கள். ஏறுமாயின் வில்லையின் முகம் தாழ்கின்றது, தடை தளர்ந்திருக்கின்றது. பழைய தலையை வாங்குவோர்க்கு இச்சோதனை இன்னும் அவசியம். கமெராவின் அடியில் பூட்டும் தகட்டையும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் தகடு இன்னொன்றின் தலையில் பொருந்துவது உறுதியன்று. அதை ஆற்றில் நழுவவிட்டால் தலை இருந்தும் பயனில்லை. இரண்டாக வாங்கி வைப்பதே புத்தி. கழிமுகத்து மணல் உருண்டையில் ஏறினால் உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் இடவேண்டாம், உராய்வினால் நிற்கும் பொருளுக்கு எண்ணெய் பகை, மணலுக்கோ அது பசை.

ஆற்றங்கரையில் கொப்பில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தி அடுத்த கொப்புக்கு மாறும்போது இத்தலைக்கு நிகர் இல்லை. வட்டமிடும் கருடனைத் தொடர்வதற்கு அது ஏற்றதன்று. விசையை அழுத்தியபடியே இருந்தால் விரல் சோரும், அடிவானமும் சாயும். தமிழகத்தின் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கமெராவோடு யானை முதுகிலேறிக் காட்டு விலங்குகளைப் படமெடுத்தவர். யானை முதுகில் முக்காலி ஏது! தம் வேலைக்கு எது வேண்டுமோ அதையே அவர் கருவியாக்கிக் கொண்டார்.

எம் வேலையில் தலையாயது கல்வெட்டு. தேய்ந்த எழுத்து நேரொளியில் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் ஒளி சாய்ந்து விழும்போதே நிழல் கொண்டு எழும். 2001ஆம் ஆண்டில் ஹியூலெற் பக்கார்ட் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தொம் மால்ஸ்பெண்டரும் அவர் தோழரும் வெளியிட்ட முறை ஒன்று இதிலிருந்து வளர்ந்திருக்கின்றது. கமெராவை அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல திசைகளில் வைத்துப் பல படங்கள் எடுத்துக் கணினியில் இணைத்தால், பின்னர் வீட்டிலிருந்தே ஒளியை எத்திசையிலும் திருப்பி எழுத்தைப் படிக்கலாம். இதற்குக் கமெரா மயிரிழையும் அசையலாகாது. கல்லின் முகத்துக்கு இணையாகவும் நிற்கவேண்டும். பக்கச்சரிவைச் சிறிது திருத்த எண்ணி விசையை அழுத்தினால், ஏற்கெனவே திருத்திய மேல்கீழ்க் கோணமும் உடன் கலைந்துவிடும். மூவழித் தலையில் ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் இருந்தபடியே இருக்கும்.

திருவிழாவுக்கோ எத்தலையும் பெரிதாக உதவாது. சுவாமி வீதியுலா வரும்போது சனக் கூட்டத்தில் முக்காலியை விரிப்பதே பிறர்க்கு இடைஞ்சல். தீபங்கள் எரியும் வெளிவீதியை ஓரிரு செக்கன் திறப்பில் எடுப்பதற்கு அது வேண்டும். அங்கே விரைவு வேண்டியதில்லை.

ஆகவே ரசமட்டம் பொருந்திய மூவழித் தலையொன்றை வாங்கினோம். மாணவர் முகத்தில் வாட்டந்தான். அவர்களுள் ஒருவன் தன் சேமிப்பில் பழைய 322 ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் ஆற்றங்கரையில் மீன்கொத்திக்குக் காத்திருக்கின்றான். வருகிற ஆவணித் திருவிழாவுக்கு முன், கூட்டம் சேராத ஒரு மாலைப்பொழுதில், ஆலயத்தாரின் அனுமதியோடு கல்வெட்டுக்கு விளக்குப் பிடிக்கப் போகின்றோம். கைவிளக்கு இரண்டும் அளவுநாடா ஒன்றும் ஆயத்தமாயிருக்கின்றன.