நாய்ப் பயிற்சியாளரின் நிபந்தனைத் தாள்

இந்திய நகரங்களில் வீட்டுக்கே வந்து நாயைப் பழக்கும் தனியார் பயிற்சி ஒரு தனித்தொழிலாக நிலைபெற்றுவிட்டது. ஆனால் நாய்ப் பயிற்சியாளர் என்று பலகை மாட்டிக்கொள்ள இந்நாட்டில் குறிப்பிட்ட படிப்போ உரிமமோ சட்டப்படி தேவைப்படுவதில்லை. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்றிருக்க, அதே நாயைப் பழக்குபவருக்கு அத்தகைய கட்டாயம் இல்லாததால், ஒரு பயிற்சியாளரின் தரத்தை அறிய வளர்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் சான்று, முதல் வகுப்புக்கு முன் அவர் கையொப்பத்துக்காக நீட்டும் நிபந்தனைத் தாள்தான். கட்டணம், நேரம், தடுப்பூசி, வீட்டாரின் பொறுப்பு என்று அதில் வரும் விதிகளை வெறும் வியாபார வசதிக்கானவை என்றெண்ணிப் பலர் படிக்காமலே ஒப்பமிடுகிறார்கள். நேர்மையான பயிற்சியாளரின் தாளில் பெரும்பாலான விதிகள் நாய் எவ்வாறு கற்கிறது என்பதிலிருந்து பிறந்தவை. அந்தத் தொடர்பு தெரிந்தவருக்கு, எந்த விதி நாயின் நன்மைக்கானது, எது வெறும் ஆசைவார்த்தை என்பது படிக்கும்போதே புலப்படும்.

வகுப்பு நடக்கும்போது வீட்டார் உடனிருக்க வேண்டும் என்பது இத்தகைய தாள்களில் தலையாய விதி. "நாய்க்குத்தானே பயிற்சி, நாங்கள் எதற்கு?" என்ற கேள்வியும் இதையொட்டியே எழுகிறது. அதற்கான விடை நாய் கற்கும் விதத்தில் இருக்கிறது. நற்பயன் தரும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும், பயன் தராத செயல் மெல்ல மறையும் என்பதை 1898இல் எட்வர்ட் தார்ண்டைக் பெட்டிக்குள் அடைத்த பூனைகளைக் கொண்டு காட்டினார், பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் அதை விரிந்த கோட்பாடாக வளர்த்தெடுத்தார். செயலின் விளைவே அச்செயலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்னும் இக்கற்றல் முறைக்குச் செயல்படு ஆக்கநிலையிறுத்தம் என்று பெயர். நாயை உட்காரப் பழக்குவதில் இதைக் கண்ணெதிரே காணலாம். வேகவைத்த கோழித் துண்டொன்றை விரல்நுனியில் பிடித்து நாயின் மூக்கருகே கொண்டுபோய், அங்கிருந்து நெற்றிக்கு மேலாக மெல்லப் பின்னோக்கி நகர்த்தினால், மூக்கு அதைத் தொடர்ந்து மேலெழ, பின்புறம் தானாகத் தரையில் படியும்; படிந்த அந்த நொடியிலேயே துண்டு வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். கை மிக உயரத்தில் இருந்தால் நாய் தாவும். இரண்டு மூன்று நொடி தாமதமானால் அதற்குள் நாய் எழுந்துவிட்டிருக்கும், பரிசு உட்கார்ந்ததற்குப் போகாமல் எழுந்ததற்குப் போய்விடும். இந்தத் தாமதத்தைத் தவிர்க்கத்தான் "டிக்" என்று ஒலிக்கும் கிளிக்கர் என்னும் சிறு கருவியைப் பல பயிற்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒலி முதலில், உணவு பின்னால் என்று பழகிய நாய்க்கு, சரியான செயல் எதுவென்பதை அந்த ஒலியே சுட்டிக்காட்டிவிடுகிறது. இப்படி ஓர் ஒலியைக் கொண்டு விலங்குகளைப் பழக்கலாம் என்று ஸ்கின்னர் 1951இலேயே பொதுவாசகர்களுக்கான ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நாய் கற்பது ஒரு சொல்லின் பொருளை மட்டுமன்று. யார் சொன்னார், எங்கே சொன்னார், கை எப்படி அசைந்தது, அடுத்து என்ன கிடைத்தது என்ற முழுச் சூழலையும் சேர்த்தே கற்கிறது. கூடத்தில் பயிற்சியாளர் சொன்னதும் உட்காரும் நாய், தெருமுனையில் வீட்டுக்காரர் சொன்னால் உட்காராமல் நிற்பது அடங்காமையால் அன்று. அங்கே, அவரிடம், அது இன்னும் கற்கவில்லை என்பதே காரணம். எனவே வாரம் ஓரிரு முறை வரும் பயிற்சியாளரைவிட, நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாகச் சில முறை பழக்கும் வீட்டாரின் கையில்தான் பயன் இருக்கிறது. பாட்டி "உட்கார்" என்றும் பேரன் "சிட்" என்றும் வேலைக்கு வரும் அம்மா "உக்காருடா" என்றும் சொல்லும் வீட்டில் நாய் தடுமாறுவது இயல்பு. தமிழில் சொல்லலாமா, ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எந்த மொழியானாலும் நாய்க்கு ஒன்றுதான், வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லை ஒரே விதமாகச் சொல்ல வேண்டும் என்பதே முக்கியம். பணம் கட்டுபவரையும் குழந்தைகளையும் வகுப்பில் இருக்கச் சொல்லும் பயிற்சியாளர்கூட, காலையும் மாலையும் உண்மையில் நாயைத் தெருவுக்கு அழைத்துச் செல்லும் காவலாளியையோ பணிப்பெண்ணையோ ஓட்டுநரையோ அழைக்க மறந்துவிடுகிறார். நாயோடு மிகுந்த நேரம் செலவிடும் அந்த மனிதரை வகுப்பில் சேர்க்காத பயிற்சி பாதிப் பயிற்சியே.

வளர்ப்பவர்கள் வருத்தத்தோடு சொல்லும் இன்னொன்று, நாய் வேண்டுமென்றே வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது, தப்பு செய்தது தெரிந்ததால்தான் தலை குனிகிறது என்பது. அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த உணவை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதைவிட, வளர்ப்பவர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே அந்தக் குற்றவாளி முகம் தோன்றியது. தின்னாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டியது. அலுவலகத்திலிருந்து திரும்பி, பல மணி நேரத்துக்கு முன் நடந்ததற்காக மூக்கைத் தரையில் தேய்த்து அடிப்பவரிடமிருந்து நாய் கற்றுக்கொள்வது, கதவு திறந்தால் அடி விழும் என்பதை மட்டுமே. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் குட்டியை உரிய இடத்துக்குக் கொண்டுபோய், வேலை முடிந்த உடனே பரிசு தருவதுதான் வழி.

தடுப்பூசிச் சான்று கேட்கும் விதியைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதில் இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய கொடிய நோய்களுக்கான கலப்புத் தடுப்பூசி பொதுவாக ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் ஏறத்தாழ பதினாறு வாரம் வரை போடப்படுகிறது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாத வயதளவில் தொடங்குகிறது. ஆகவே எல்லா ஊசியும் முடிந்தபின் பயிற்சியைத் தொடங்கலாம் என்று வீட்டார் காத்திருக்கிறார்கள். ஆனால் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நடத்தி 1965இல் நூலாக்கிய ஆய்வு, மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையான பருவத்தில்தான் குட்டி மனிதரையும் உலகையும் அச்சமின்றி ஏற்கப் பழகுகிறது என்று காட்டியது. இதையே சமூகப் பழக்கப் பருவம் என்பார்கள். நான்கு மாதம் வரை நான்கு சுவருக்குள் வளர்ந்த குட்டி நோயிலிருந்து தப்பலாம், ஆனால் தலைக்கவசம் அணிந்தவரைக் கண்டு நடுங்கும், ஆட்டோ ஒலி கேட்டு ஒடுங்கும், பின்னாளில் அந்த அச்சத்தினாலேயே கடிக்கவும் கூடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவ நடத்தையியல் கழகம், முதல் தடுப்பூசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் ஆனபின், ஏழெட்டு வார வயதிலேயே குட்டிகளுக்கான வகுப்பைத் தொடங்கலாம் என்கிறது. தெருநாய்கள் நிறைந்த தமிழ்நாட்டு ஊர்களில் இதற்கு ஏற்ற வழி, குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் கடைத்தெரு ஓரத்துக்கும் கொண்டுபோய், கூட்டத்தையும் வண்டிகளையும் மேளச் சத்தத்தையும் தொலைவிலிருந்து காட்டி, இடையிடையே தின்ன ஏதேனும் கொடுப்பதுதான். ஊசி முடியட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், இவ்வாறு வீட்டிலேயே தொடங்கச் சொல்பவரே விவரம் அறிந்த பயிற்சியாளர். ஆனால் இந்தப் பருவத்தைத் தாண்டிய, வயதான நாய் கற்காது என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. கூடுதல் பொறுமை வேண்டியிருக்கும், அவ்வளவே.

முடிவுக்கு உத்தரவாதம் தருவதில்லை என்ற வரியைப் பார்த்துத் தயங்குபவர்கள் உண்டு. காசு வாங்குகிறவர் உறுதி தர வேண்டாமா என்பது அவர்களின் நியாயம். உயிருள்ள ஒன்றின் நடத்தை, மரபு, குட்டிப்பருவம், உடல்நலம், வீட்டுச் சூழல் ஆகிய பலவற்றைப் பொறுத்தது. அவற்றில் பயிற்சியாளரின் கட்டுப்பாட்டில் இருப்பது கொஞ்சமே. அமெரிக்காவில் 2001இல் நிறுவப்பட்ட தொழில்முறை நாய்ப் பயிற்சியாளர் சான்றளிப்பு மன்றம், பயிற்சியின் முடிவுக்கு உத்தரவாதம் தருவதைத் தன் நெறிமுறையிலேயே விலக்கியிருக்கிறது. இத்தனை நாளில் நாய் அடங்கிவிடும் என்று உறுதி கூறும் விளம்பரம்தான் அஞ்ச வேண்டியது, ஏனெனில் அந்தக் கெடுவைக் காப்பாற்ற எளிய வழி அச்சுறுத்தல். நாயைச் சில வாரம் பயிற்சியாளரின் இடத்திலேயே விட்டுவைக்கும் முறையில் இந்த ஆபத்து மிகுதி. அங்கே நடப்பதை வீட்டார் பார்ப்பதில்லை, நாயும் சொல்லாது. முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க அனுமதி உண்டா, நாய் எங்கே படுக்கிறது, எத்தனை நாய்களுக்கு எத்தனை பேர் என்ற கேள்விகளுக்குத் தாளில் விடை இல்லையென்றால் அந்த இடத்தில் நாயை விடலாகாது.

கருவிகளைப் பற்றிய விதியும் இதனோடு சேர்ந்தது. மின்னதிர்வு தரும் கழுத்துப்பட்டை, உட்புறம் முள் நீட்டிய பட்டை, இழுத்தால் இறுகும் சங்கிலி ஆகியவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். வேல்ஸ் நாடு 2010இலேயே மின்பட்டையைத் தடை செய்தது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தேவையற்ற வலியோ துன்பமோ தரும்படி விலங்கை அடிப்பதையும், நெடுநேரம் மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டிவைப்பதையும் குற்றமாக்குகிறது. நாயைக் கீழே தள்ளி அமுக்கி, மனிதனே தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற பழைய போதனை இன்னும் புழங்குகிறது. இதன் வேர், பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதிய ஆய்வு. தலைமை ஓநாய் என்ற அக்கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டு நூலின் வழியே பரப்பிய டேவிட் மெக், பின்னர் காட்டு ஓநாய்களை நேரில் ஆராய்ந்து, ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் எழுதித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பரப்பியவரே கைவிட்ட கருத்தை வைத்து இன்றும் நாய்கள் அமுக்கப்படுவது வேதனைக்குரியது.

தமிழ்நாட்டில் அடிக்கடி எழும் சில ஐயங்களும் உண்டு. வீட்டில் அசைவம் கிடையாதே, பரிசு எப்படித் தருவது என்பது அவற்றில் ஒன்று; உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட், சிறு பனீர்த் துண்டு எதுவும் பயன்படும், கடுகளவு இருந்தால் போதும்; திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் அவற்றைக் குழந்தைகள் கையில் கொடுத்துப் பழக்கக் கூடாது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெடிச்சத்தப் பயத்தைப் போக்கித் தரக் கேட்டு வரும் அழைப்புகளை நல்ல பயிற்சியாளர் ஏற்பதில்லை. பதிவு செய்த வெடியொலியை மிகக் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டு, அப்போது உணவு தந்து, சிறிது சிறிதாக ஒலியைக் கூட்டும் முறைக்கு மாதங்கள் தேவை. ஒரு வாரத்தில் செய்யக்கூடியது, சன்னல்களை மூடி உள்ளறையில் ஒதுங்க இடம் தருவதும், கால்நடை மருத்துவரிடம் மருந்து கேட்பதும்தான். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் சொல் கேளாத இனங்கள் என்பதும் தவறு. கண்ணால் இரையைக் கண்டு துரத்தவென்று வளர்த்தெடுக்கப்பட்ட வேட்டைநாய், ஓடும் பூனையைக் கண்டதும் கயிற்றை இழுப்பது அதன் பிறவிக்குணம், அதற்கேற்பப் பாடம் அமைய வேண்டும்.

நாய் இதற்குமுன் யாரையேனும் கடித்திருந்தால் அதை மறைக்காமல் எழுதித் தர வேண்டும் என்ற விதியில் வீட்டார் கூச்சப்படுவது பெரும் தவறு. பயிற்சியாளரின் உடலுக்கு மட்டுமின்றி நாயின் உயிருக்கும் அது பாதுகாப்பு. திடீரென்று சீறத் தொடங்கிய நாய்க்குக் காதில் சீழோ இடுப்பில் வலியோ இருக்கலாம் என்பதால், பயிற்சிக்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்கும் பயிற்சியாளர் தம் எல்லையை அறிந்தவர். வளர்ப்புப் பிராணியால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. கையெழுத்திட்டு இந்தப் பொறுப்பைப் பயிற்சியாளர் தலையில் ஏற்றிவிட முடியாது. கடி பட்டவர், எவ்வளவு சிறிய காயமானாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முன்பணம், ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல் வகுப்பை ரத்து செய்தால் கட்டணம் போகும் என்பன போன்ற விதிகளுக்கு அதிக விளக்கம் தேவையில்லை. தாம்பரத்திலிருந்து அண்ணாநகர் வரை வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்புபவரின் அரைநாள் வருமானம் அதில் போகிறது. வெயிலுக்காக வகுப்பைப் பயிற்சியாளரே மாற்றினால் கட்டணம் போகாது என்ற வரியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சென்னைத் தார்ச்சாலை நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். புறங்கையைச் சில நொடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது. மூக்கு சப்பையான பக் இனத்துக்கும் அடர்ந்த மயிர் கொண்ட ஹஸ்கிக்கும் அந்த மாதங்களில் விடியற்காலை வகுப்பு ஒன்றே பொருந்தும்.

பல தாள்களில் இல்லாத ஒரு விதியை வளர்ப்பவரே கேட்டுச் சேர்க்க வேண்டும்: வகுப்பின் நடுவே எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லும் உரிமை வீட்டாருக்கு உண்டு என்பது. வழக்கமாக ஆவலோடு தின்னும் நாய் உணவை ஒதுக்கினால், காதைப் பின்னுக்கு மடித்து வாலைக் கால்களுக்கிடையில் செருகினால், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டு உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், அது பாடத்தைக் கேட்கும் நிலையில் இல்லை, அஞ்சி ஒடுங்கியிருக்கிறது. அந்த நிலையில் "கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால்தான் சரிப்படும், நீங்கள் உள்ளே போங்கள்" என்று பயிற்சியாளர் சொன்னால், உள்ளே போகாமல் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொள்வதே வீட்டாரின் கடமை. அவ்வாறு நிறுத்தியபின் மீதி வகுப்புகளுக்குக் கட்டிய பணம் எத்தனை நாளில், எவ்வளவு திரும்பும் என்பதையும் கையொப்பமிடும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.