பசிக்கலை என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்

"வயசானா சாப்பாடு குறையத்தான் செய்யும்." இப்படிச் சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் பல பெரியவர்களை எலும்பும் தோலுமாக்கி வைத்திருக்கிறோம். முப்பது வயதில் இருந்த பசி எழுபதில் இருக்காதுதான். உழைப்பு குறைகிறது, சாப்பிட்டது வயிற்றில் நெடுநேரம் நிற்கிறது, நாக்கும் மூக்கும் மங்குகின்றன. ஆனால் இவையெல்லாம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பவை. தீபாவளிக்கு மூன்று தோசை சாப்பிட்டவர் பொங்கலுக்கு ஒரு தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், அதற்கு வயதைக் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. வேறேதோ நடந்திருக்கிறது. பெரும்பாலும் அது கண்டுபிடிக்கக்கூடியது. பல நேரம் சரிசெய்யவும் கூடியது.

கூடவே இருப்பவர்கள் கண்ணுக்கு மெலிவு சட்டென்று தெரியாது. ஊரிலிருந்து வருகிற மகள்தான் வாசலிலேயே "என்னம்மா இப்படி இளைச்சுட்டே" என்பாள். அதுவரை காத்திருக்க வேண்டாம். கை வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கிறார்களா, ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரிகிறதா, பல்செட் ஆடுகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். ஐம்பது கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரை கிலோவோ, ஆறு மாதத்தில் ஐந்து கிலோவோ முயற்சி எதுவும் இல்லாமல் இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். நிற்க முடியாதவர் என்றால் கெண்டைக்காலின் பருத்த பகுதியைத் தையல்காரர் டேப்பால் அளக்கலாம். 31 செ.மீ.க்குக் குறைந்தால் தசை கரைந்திருக்கிறது என்று மருத்துவர்கள் சந்தேகப்படுகிறார்கள்.

தசை கரைவதுதான் இதில் பெரிய ஆபத்து. தொடையில் வலு இல்லாதவர் பாத்ரூமில் தடுமாறி விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது, படுக்கையில் விழுகிறார், படுக்கைப் புண் வருகிறது, புண் ஆறப் புரதம் இல்லை. சளி பிடித்தால் இருமித் துப்பவும் தெம்பு இருப்பதில்லை. இத்தனைக்கும் தொடக்கம், யாரும் கவனிக்காமல் திரும்பிப் போன சில சாப்பாட்டுத் தட்டுகளாக இருந்திருக்கும்.

முதலில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த பல், ஈறில் புண், நாக்கில் தயிர் ஒட்டினாற்போல வெள்ளைப் படலம், உமிழ்நீர் வற்றிய நாக்கு, இவற்றில் எது இருந்தாலும் சாப்பாடு வேண்டாம் என்றுதான் தோன்றும். மெலிந்தவருக்கு ஈறும் சுருங்கிப் பல்செட் பொருந்தாமல் போகும். மெல்ல முடியாமல் மேலும் மெலிவார். அடுத்து மாத்திரைப் பை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டைஜாக்சின், இரும்புச்சத்து மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக்குகள் பசியைக் குறைக்கலாம், குமட்ட வைக்கலாம், வாய் கசக்கச் செய்யலாம். மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையவும் வாய்ப்புண்டு. மூன்று டாக்டர்கள் மூன்று சீட்டில் எழுதியதை ஒன்றாகக் கொண்டுபோய் ஒரே டாக்டரிடம் காட்டி, "இதில் எது இன்னும் தேவை?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். நாலு நாள் மலம் போகாத வயிற்றுக்கும் பசிக்காது. தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை இலவசம்.

எந்தப் பரிசோதனையிலும் அகப்படாத காரணங்களும் உண்டு. முழங்கால் வலிக்காரருக்குக் கீழே உட்காரும் கக்கூஸ் ஒரு தண்டனை. ராத்திரி எழுந்து போக யாரையாவது எழுப்ப வேண்டும். அதனால் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைத்துக்கொள்கிறார்கள். இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "பசிக்கலைம்மா" என்பார்கள். ஒரு கமோடு நாற்காலி, சுவரில் ஒரு கைப்பிடி, நடைவழியில் ஒரு இரவு விளக்கு போட்டதும் சாப்பாடு கூடுகிற வீடுகள் இருக்கின்றன. வேலைக்குப் போகும் மருமகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று மத்தியானச் சாப்பாட்டையே விட்டுவிடுகிற மாமியார்கள் உண்டு. மனைவி போனபின் தனக்கென்று ஒரு சோறு வடிக்கத் தெரியாத ஆண்கள் டீயும் பன்னுமாக ஓட்டுகிறார்கள். மனச்சோர்வு வயதானவர்களிடம் அழுகையாக வருவதை விட, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பிடிப்பு விட்டுப் போவதாகவே அதிகம் வருகிறது. அது வைத்தியம் உள்ள நோய்.

ஒரு ஆபத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போடுவதோ இன்சுலின் ஏற்றுவதோ உயிருக்கே உலை வைக்கும். குறிப்பாக கிளிமிபிரைடு வகை மாத்திரைகள், உள்ளே சோறு போனாலும் போகாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வியர்வை, நடுக்கம் வரலாம். முதியவர்களிடம் அதுவும் இல்லாமல் வெறும் உளறலும் தூக்கக் கலக்கமுமாகத் தெரியலாம். நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியவரின் சாப்பாடு குறைந்த வாரத்திலேயே மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டா தெம்பு வந்துரும்" என்று ஊசி போடும் இடத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், அந்தப் பாட்டிலின் லேபிளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் 5% என்றிருக்கும். நூறு மில்லிக்கு 5 கிராம், 500 மில்லி பாட்டில் முழுவதற்கும் 25 கிராம் சர்க்கரை. அதில் கிடைப்பது 100 கலோரிக்கும் குறைவு. இரண்டு இட்லி அதே அளவு கொடுக்கும். இட்லியில் உளுந்தின் புரதமும் சேர்ந்திருக்கும். நார்மல் சலைன் என்றால் அது உப்புத் தண்ணீர்தான், கலோரியே கிடையாது. வாந்தி பேதியால் நீர் வற்றியவருக்கு டிரிப் உயிர் காக்கும். பசியில்லாதவருக்கு அது உணவாகாது; இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்கவும் வைக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் பசி டானிக்குகள் பலவற்றில் சைப்ரோஹெப்டடின் இருக்கிறது. வயதானவர்களுக்கு அது தூக்கக் கலக்கம், மனக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் உண்டாக்கும். டாக்டர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள்.

இனி சாப்பாடு. பசியில்லாதவரை அதிகம் சாப்பிட வைப்பது கஷ்டம். சாப்பிடும் கொஞ்சத்தில் சத்தைக் கூட்டுவது நம் கையில் இருக்கிறது. வடிகட்டிய நீர்க் கஞ்சி ஒரு டம்ளர் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. அதே நொய்க் கஞ்சியில் பாதிக்குப் பாதி வறுத்த பாசிப்பருப்பு போட்டுக் குழைய வேகவைத்து, ஒரு ஸ்பூன் நெய்யும் சீரகமும் சேர்த்தால் கதையே வேறு. திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தங்கஞ்சி, பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்த்தது, இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்றது. சர்க்கரைக்காரருக்கு அதில் போடும் கருப்பட்டியை விட்டுவிடலாம். ரசஞ்சாதம்தான் வேண்டும் என்றால் கொடுங்கள், தெளிவை மட்டும் ஊற்றாமல் அடியில் உள்ள பருப்போடு கலக்கிப் பிசைந்து கொடுங்கள். தோசைக்கு மேலே முட்டை ஊற்றலாம். மோருக்குப் பதில் கெட்டித் தயிர். கறி மெல்ல முடியாதவருக்குக் கொத்துக்கறி, முள்ளெடுத்த மீன், குழம்பில் உடைத்து ஊற்றிய முட்டை. ஆட்டுக்கால் சூப்பை நாம் மிகவும் நம்புகிறோம். வாய்க்கு இதமானது, ஆனால் சத்து அதிகம் இருப்பது கறியில். சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய கிண்ணம் சூப் குடித்தவருக்கு அப்புறம் சோறு இறங்காது. பதினோரு மணி டீயும் இதே கெடுதலைத்தான் செய்கிறது.

வயதானவர்களுக்குப் புரதத் தேவை இளையவர்களை விடக் குறைவு என்று நினைப்பது தவறு. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்கிறார்கள் முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள். ஐம்பது கிலோ பாட்டிக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பில் 7 கிராம் அளவுக்கு இருக்கும். பல் இல்லையென்றால் கடலையைப் பொடித்துச் சாதத்திலோ கஞ்சியிலோ கலந்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை டாக்டர் சொல்ல வேண்டும். புரதப் பவுடர் வாங்கும் முன்பும் அவரிடம் கேளுங்கள்.

சுகருக்கு இனிப்பு கூடாது, பிரஷருக்கு உப்பு கூடாது, கொலஸ்ட்ராலுக்கு எண்ணெய் கூடாது என்று ஐம்பது வயதில் போட்ட தடைகள் எல்லாம் எண்பத்தைந்திலும் அப்படியே தொடர்கின்றன. மிஞ்சுவது ருசியற்ற சோறு. எடை இறங்கிக்கொண்டிருக்கும் முதியவருக்கு எந்தத் தடையைத் தளர்த்தலாம் என்று டாக்டரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். பலருக்குத் தளர்த்தச் சொல்வார்.

பரிமாறுவதிலும் விஷயம் இருக்கிறது. கண்புரை உள்ளவருக்கு வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் சரியாகவே தெரியாது. வாழையிலையிலோ கருநிறத் தட்டிலோ வையுங்கள். தட்டு நிறையப் பார்த்தாலே சிலருக்கு மலைப்பு வரும்; இரண்டு கரண்டி வைத்து, பிறகு ஒரு கரண்டி. மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். காலையில்தான் பசி அதிகம் என்றால் கனமான சாப்பாட்டைக் காலையிலேயே கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். தனியறையில் தட்டை வைத்துவிட்டுப் போனால் யாருக்குத்தான் சாப்பிடத் தோன்றும்?

சாப்பிடும்போதே இருமல், தண்ணீர் குடித்தால் புரை ஏறுதல், சாப்பிட்டபின் குரல் கரகரத்தல் ஆகியவை விழுங்குவதில் கோளாறு இருப்பதைக் காட்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் மறதி நோயாளிகளுக்கும் இது சகஜம். படுத்த நிலையில் சங்கில் பால் புகட்டுவது மிகவும் ஆபத்து. பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, சின்னச் சின்னக் கவளமாக, முன்னதை விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். முடித்து அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக விருந்து வைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் திடீரென்று சரிந்து இதயத்தைப் பாதிக்கும். மருத்துவமனையில் படிப்படியாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

முற்றிய புற்றுநோயிலோ கடைசிக்கட்டத்திலோ பசி தானாகவே அடங்கும். அப்போது வாயைப் பிடித்துத் திணிப்பதும், ஊர் என்ன சொல்லும் என்று மூக்கில் குழாய் போடச் சொல்வதும் அவருக்குத் துன்பம் மட்டுமே. கேட்டதைக் கேட்ட அளவுக்குக் கொடுத்து, வாயை ஈரமாக வைத்தால் போதும். இதற்கு வழிகாட்ட வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிப்பு எல்லாம் அதில் உண்டு. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது.

ஆனால் "இனி எதுக்கு" என்று குடும்பமே முடிவு செய்து சோற்றை நிறுத்துவது முற்றிலும் வேறு விஷயம். தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, பால் ஊற்றி முடித்துவைக்கும் வழக்கம் வெளியே வந்திருக்கிறது. அதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் கொலை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பராமரிப்பு என்பதில் உணவை முதலாவதாகவும், உடை, இருப்பிடம், மருத்துவத்தை அதோடு சேர்த்தும் சொல்கிறது. பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகனுக்கு மட்டும் இல்லை. மகளுக்கும், வயது வந்த பேரன் பேத்திக்கும் உண்டு. பிள்ளை இல்லாதவரின் சொத்தை அனுபவிக்கிற அல்லது அடையப்போகிற உறவினருக்கும் உண்டு. கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம்; வக்கீல் தேவையில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சிறப்புக் காரணம் இருந்தால் 30 நாள் கூடுதல். மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி உத்தரவிட முடியும். முதியவரை நிராதரவாக எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிச் சொத்தை எழுதி வாங்கியவர் சோறு போடவில்லை என்றால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கோரலாம். இதில் சிக்கல் வராமலிருக்க, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது, அந்தப் பணத்தில் பெரியவருக்கு ஒரு முட்டையாவது வருகிறதா என்று குடும்பத்தில் யாராவது கேட்டாக வேண்டும். கேட்க ஆளில்லாத வீடு என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் போகலாம். 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இலவசம். அக்கம்பக்கத்தார் கூப்பிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள். எழுந்து போக முடியாத முதியவர் அனுமதித்தால் வேறு யாரும், ஒரு தொண்டு அமைப்பும்கூட, அவர் சார்பில் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தகவல் தெரிந்தால் தீர்ப்பாயம் தானாகவே விசாரிக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.