கட்டிவைக்கக் கூடாத கயிறு

ஐதராபாத்தையும் செகந்திராபாத்தையும் இணைக்கும் டேங்க் பண்ட் சாலையில் சென்றவர் அனைவரும் உசேன் சாகர் ஏரியைக் கண்டிருப்பர். 16-ஆம் நூற்றாண்டில், குதுப் ஷாஹி மன்னர் இப்ராஹிம் காலத்தில் அமைக்கப்பட்ட ஏரி அது. நடுவே நிற்கும் புத்தர் சிலையை அறியாதவர் இல்லை. ஆனால் பருவமழைக் காலத்தில் இந்த ஏரிக்கு வேறொரு முகம் உண்டு. மேற்கிலிருந்து காற்று வலுத்து வீச, சிறு பாய்மரப் படகுகள் நீர்ப்பரப்பெங்கும் விரையும்.

அத்தகைய ஜூலை மாத ஞாயிறு ஒன்றில், கல்லூரிக் கால நண்பருடன் சேர்ந்து நாங்கள் செலுத்தியது 'என்டர்பிரைஸ்' வகைப் படகு. 1956-இல் வெளிவந்த, ஜாக் ஹோல்ட் வடிவமைத்த அப்படகின் நீளம் 4 மீட்டர்தான். அதைச் செலுத்த இருவர் வேண்டும். ஒருவர் சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பார். மற்றவர் முன்பாயைக் கவனிப்பார். காற்று படகை ஒரு பக்கம் சாய்க்கும்போது, இருவரும் எதிர் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைப் பட்டையில் செருகிக்கொண்டு, முதுகை நீரின் மேல் சாய்க்க வேண்டும். நண்பரின் உடல் எடைதான் நம் படகைக் கவிழாமல் காக்கும் சுமை.

எந்தப் பாய்மரப் படகும் காற்றை எதிர்த்து நேராகச் செல்ல இயலாது. ஏறத்தாழ 45 பாகை விலகிச் சற்றுத் தொலைவு ஓடி, பின் திரும்பி மறுபக்கம் ஓடி, வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். அடியில் இறக்கிய நடுப்பலகை, படகு பக்கவாட்டில் ஒதுங்காமல் தடுக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின் மீதான விசை நான்கு மடங்காகும். ஆகவே 10 கிலோமீட்டர் வேகக் காற்றில் விளையாட்டாகத் தோன்றுவது, 20 கிலோமீட்டர் வேகத்தில் முழு உடலுக்கும் வேலை தந்துவிடும்.

ஏரிக்கரைக் கட்டடங்களின் இடையே புகுந்து வரும் காற்று சீராக வீசுவதில்லை. திடீரெனப் பாய்ந்து வரும். நீர்மேல் கருநிறத் திட்டு ஒன்று விரைந்து நெருங்குவதே அதன் அறிகுறி. எங்கள் மூன்றாம் சுற்றில், முன்பாயைப் பிடித்திருந்தவர் அதைக் கண்டு, "விடு!" என்று குரல் கொடுத்தார். பெரிய பாயின் கயிறு அக்கணமே தளர்ந்தது. பாய் படபடத்தது, விளிம்பைத் தொட்டிருந்த நீர் விலக, படகு நிமிர்ந்தது. அந்தக் கயிறு முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருந்தால், அவிழ்ப்பதற்குள் படகு கவிழ்ந்திருக்கும். பலத்த காற்றில் பாய்க்கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது இக்கலையின் முதல் பாடம்.

சற்றுத் தொலைவில் வேறொரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்த இருவரும் பயிற்சி பெற்றவர்கள். படகை விட்டு நீந்திச் செல்லாமல், ஒருவர் நடுப்பலகை மீதேறித் தம் எடையால் அதை நிமிர்த்த, மற்றவர் அதனுடனேயே உள்ளே வந்து சேர்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இந்த ஏரியை எளிதாக எண்ணலாகாது. 1990-இல் புத்தர் சிலையை ஏற்றிச் சென்ற மிதவை இங்கேதான் மூழ்கியது; பலர் உயிரிழந்தனர். 1992-இல்தான் சிலை மீட்கப்பட்டு நிறுவப்பட்டது.

மேலும் ஒரு சுற்று வர வேண்டும் என்பது எங்களில் ஒருவரின் ஆசை. போதும் என்பது மற்றவரின் எண்ணம். கரையிலேயே செய்துகொண்ட உடன்பாடு ஒன்று இருந்தது: இருவரில் எவரேனும் ஒருவர் "போதும்" என்றால், மறுபேச்சின்றிப் படகு திரும்ப வேண்டும். திருப்பினோம். அடுத்த கால் மணி நேரத்தில் காற்றுடன் மழையும் சேர்ந்து, எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியவில்லை.

1993-94ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா விருது, பாய்மரப் படகோட்டத்தில் ஹோமி மோதிவாலா, புஷ்பேந்திர குமார் கார்க் ஆகிய இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஒரே படகில் சென்ற இருவரில் யாருடைய திறமை பெரிது என்று பிரித்துக் கூறல் அரிது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் பழமொழி. காற்று மிகும்போது கயிற்றைத் தளர்த்தவும் தெரிய வேண்டும் என்பதை ஏரி கற்பிக்கிறது. குடும்பத்தின் சேமிப்புக்கும் இது பொருந்தும். முழுவதையும் நீண்ட கால முதலீட்டில் கட்டிவைத்துவிட்டால், மருத்துவச் செலவோ வேலையிழப்போ திடீர்க் காற்றாய் வரும் நாளில் அவிழ்க்க நேரம் இராது. ஒரு பகுதி உடனே எடுக்கத்தக்க கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் விவரம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். "போதும்" என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும்.

பாய்மரப் படகோட்டம் பழக விரும்புவோர், பயிற்சி தரும் கழகத்தை நாடி, உயிர்காப்பு அங்கியுடன், மெல்லிய காற்றில் தொடங்குவது நன்று. நம்பத்தக்க நண்பர் ஒருவரும் உடன் வந்தால், வேறு துணை வேண்டுவதில்லை.